அம்மாவுக்கு பிரஷர் 158/94: காபியை நிறுத்தத்தான் வேண்டுமா?

அம்பை மகள்
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 62 வயது. அம்பாசமுத்திரத்தில் அப்பாவோடும் தம்பியோடும் இருக்கிறாள், நான் சென்னையில். போன வாரம் ஊரில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் பிரஷர் பார்த்துவிட்டு 158/94 என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சுகர் கிடையாது. இதுவரை பிரஷர் மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லை.

சீட்டைப் பார்த்த அன்றே என் தம்பி காபிப்பொடி டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டான். அம்மா காலை ஐந்து மணிக்கு முதல் டிகாஷனில் கெட்டியாக ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குடித்துப் பழகியவள். இப்போது தலையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். “பாத்தியா, பிரஷர் தலைவலி” என்கிறான் தம்பி. காபி நிஜமாகவே பிரஷரை ஏற்றுமா? ஏற்றினால் எவ்வளவு? அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம். அதற்குள் கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன்.

டவுண் வாசல்
தாயி, முதல் வேலையாக அந்த டப்பாவை இறக்கச் சொல்லு. எனக்கு வயது 71, ரத வீதியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் அப்பா எண்பது தாண்டியும் நாலு வேளை காபி குடித்தார், ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. இந்த முகாம்காரர்கள் வந்த பிறகுதான் ஊரில் எல்லோருக்கும் பிரஷர்.

வேதியியல் வாத்தியார்
அண்ணாச்சி, உங்கள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, சரி. பிரஷர் பார்த்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிரஷர் என்பது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் இருக்கும். தலைவலி வந்தால் பிரஷர், வராவிட்டால் பிரஷர் இல்லை என்ற கணக்கே தப்பு.

அம்பை மகள், உங்கள் அம்மாவின் தலைவலிக்குக் காரணம் அநேகமாகக் காபியை ஒரேயடியாக நிறுத்தியதுதான். தினமும் காஃபீன் போய்க்கொண்டிருந்த உடம்பில் அது நின்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் இழுக்கும். கூடவே எரிச்சல், தூக்கக் கலக்கம், எதிலும் மனசு ஒட்டாத நிலை. நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அக்கறை இருக்கிறது, நிதானம்தான் இல்லை.

ரிட்டயர்டு சிஸ்டர், பாளை
மகளே, காபிக்கு அப்புறம் வருவோம். அந்த 158 எப்படி வந்தது என்று முதலில் அம்மாவிடம் கேள். நடந்து போனார்களா? எவ்வளவு நேரம் உட்கார்ந்த பிறகு பார்த்தார்கள்? கை எங்கே இருந்தது? பார்க்கும்போது பேசிக்கொண்டிருந்தார்களா? காபி குடித்துவிட்டுப் போனார்களா?

அம்பை மகள்
போன் போட்டுக் கேட்டேன் சிஸ்டர். வெயிலில் நடந்து போயிருக்கிறாள். வரிசையில் நின்று, ஸ்டூலில் உட்கார்ந்த உடனே பார்த்திருக்கிறார்கள். ஸ்டூலுக்குச் சாய்மானம் இல்லை, கை மடிமேல். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு பேசிக்கொண்டே இருந்தாளாம். முகாமில் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தார்கள் என்று சிரிக்கிறாள்!

ரிட்டயர்டு சிஸ்டர், பாளை
அப்படியானால் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், ஒதுக்கியும் விட வேண்டாம். ஒரு எச்சரிக்கை என்று வைத்துக்கொள்.

பார்க்கிற முறையைச் சொல்கிறேன். காபி, டீ, பீடி சிகரெட், நடை எல்லாம் முடிந்து குறைந்தது அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும், அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலே பிரஷர் கூடும். முதுகு சாய்ந்திருக்கணும், இரண்டு பாதமும் தரையில் படணும், கால் மேல் கால் கூடாது. அஞ்சு நிமிஷம் பேசாமல் இருக்கணும். கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைத்துப் பார்க்கணும். 2024-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆட்கள் இதை மட்டுமே தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள். மேசைமேல் கை வைத்துப் பார்த்ததைவிட, மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4 கூடுதலாகவும், தொங்கவிட்டால் 6 புள்ளிக்கு மேல் கூடுதலாகவும் வந்தது. காபியைத் தொடாமலே இவ்வளவு. கை பருமனான பெண்களுக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இன்னும் அதிகமாகக் காட்டும், அதையும் கவனி.

வீட்டில் பார்க்க மேற்கையில் கட்டுகிற டிஜிட்டல் மெஷின் வாங்கு. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஒரு வாரம், காலையில் காபிக்கு முன்னாலும் ராத்திரி படுக்கும் முன்னாலும், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டிரண்டு தடவை பார்த்து எழுதி வை. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடு. வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் பிரஷர் இருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது அந்த வரம்பு 140/90. டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டுதான் பேசும்.

தம்பி ஊரில்தானே இருக்கிறான்? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற பணியாளரிடமும் ஒரு தடவை பார்க்கச் சொல்லலாம்.

கருப்பட்டி திசையன்விளை
இவ்வளவு கஷ்டம் எதற்கு? வெள்ளைச் சீனி போட்ட பில்டர் காபியை விட்டுவிட்டுச் சுக்குக் காபிக்கு மாறச் சொல்லுங்கள் அக்கா. சுக்கு, மல்லி, மிளகு, பனங்கருப்பட்டி. எங்கள் பக்கம் ஆச்சிகள் எல்லாம் இதுதான். பிரஷரை இறக்கும், கருப்பட்டியில் பொட்டாசியம் இருக்கிறது.

வேதியியல் வாத்தியார்
திசையன்விளைக்காரரே, உங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு நானும் அடிமைதான். ஆனால் பாதி சரி, பாதி இல்லை. வீட்டில் போடுகிற சுக்குக் காபியில் காபிப்பொடியே இல்லாததால் காஃபீனும் இல்லை, அந்த மட்டில் அது பிரஷரை ஏற்றாது. கடையில் சிலர் வாசனைக்குக் காபித்தூள் ஒரு கரண்டி தட்டுவார்கள், அது வேறு. ஏற்றாத பொருளெல்லாம் இறக்கும் என்று ஆகிவிடாது. ஒரு தம்ளரில் கரைகிற கருப்பட்டியில் இருக்கும் பொட்டாசியம் பெரிதாக எதையும் சாதிக்காது. சுகர் இருக்கிறவர்களுக்கு அதுவும் சர்க்கரைதான்.

மெடிக்கல் தென்காசி
இதில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பாக்கெட்டில் வருகிற சில சுக்குக் காபிப் பொடிகளில் அதிமதுரம் சேர்க்கிறார்கள். தொண்டைக்கு இதம், நல்ல சாமான்தான். ஆனால் தினமும் கணிசமாக உள்ளே போனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம் இது. காபி ஆகாது என்று மூலிகைப் பொடிக்கு மாறியும் பிரஷர் இறங்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைத்தான் படிக்கச் சொல்வேன்.

கருப்பட்டி திசையன்விளை
எங்கள் வீட்டில் அதிமதுரம் போடுவதில்லை. சும்மா சொல்கிறேன்.

டவுண் வாசல்
சரி வாத்தியாரே, காபி ஏற்றுமா ஏற்றாதா? சுற்றி வளைக்காமல் சொல்லும் வே.

வேதியியல் வாத்தியார்
ஏற்றும் அண்ணாச்சி. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும்.

உடம்பில் அடினோசின் என்று ஒன்று சுரக்கிறது. ரத்தக் குழாயைத் தளர்த்தி விரிய வைப்பது அதன் வேலைகளில் ஒன்று, அசதியை உணர வைப்பதும் அதுதான். அது போய் உட்கார வேண்டிய இடத்தில், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, காஃபீன் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்ளும். குழாய் விரிவது குறைகிறது, அட்ரினலினும் சற்றுக் கூடுகிறது. பிரஷர் ஏறுகிறது.

எவ்வளவு? ஏற்கெனவே பிரஷர் இருக்கிறவர்களுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2011-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். மேல் எண் சராசரியாக 8, கீழ் எண் 6 அளவுக்கு ஏறியது. ஒரு மணி நேரத்துக்குள் ஏறி, குறைந்தது மூன்று மணி நேரம் நின்றது. நம் டவரா தம்ளர் காபி ஒன்றில் அவ்வளவு காஃபீன் இருக்காது. ஆக, முகாமில் வாங்கிக் குடித்த காபி அந்த 158-க்குள் சில புள்ளிகளைப் போட்டிருக்கலாம், வெயிலும் ஸ்டூலும் பேச்சும் மீதியைப் போட்டிருக்கும். அதையெல்லாம் கழித்த பிறகும் எவ்வளவு நிற்கிறது என்பதற்குத்தான் சிஸ்டர் சொன்ன நோட்டு.

தினசரி குடிக்கிறவர்கள் கதை வேறு. உடம்பு பழகிவிடுகிறது. 2002-ல் சூரிச்சில் ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது. வழக்கமாகக் குடிக்கிறவர்களுக்கு எஸ்பிரசோ கொடுத்தும் பிரஷர் ஏறவில்லை, பழக்கமில்லாதவர்களுக்கு ஏறியது. இதில் வேடிக்கை, பழக்கமில்லாதவர்களுக்குக் காஃபீன் நீக்கிய காபியிலும் ஏறியது! அப்புறம் 2005-ல் வந்த ஒரு தொகுப்பு: காஃபீனை மாத்திரையாக விழுங்கினவர்களுக்கு மேல் எண் 4 கூடியது, காபியாகக் குடித்தவர்களுக்கு 1 சொச்சம்தான். காபியில் காஃபீனைத் தவிர வேறு சரக்குகளும் இருக்கின்றன, அவை கொஞ்சம் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன என்று ஒரு விளக்கம் உண்டு.

டவுண் வாசல்
இதைத்தானே நானும் சொன்னேன்.

வேதியியல் வாத்தியார்
இல்லை அண்ணாச்சி, இன்னும் முடியவில்லை. 2022 கடைசியில் ஜப்பானிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 18,000 பேருக்கு மேல், ஏறத்தாழ 19 வருஷம் கவனித்தது. பிரஷர் 160/100-க்கு மேல் இருக்கிறவர்கள் தினமும் இரண்டு கப்போ அதற்கு மேலோ காபி குடித்தால், இதயநோயாலும் பக்கவாதத்தாலும் சாகிற வாய்ப்பு காபியே குடிக்காதவர்களைவிட இரண்டு மடங்காகத் தெரிந்தது. ஒரு கப் குடித்தவர்களுக்கு அப்படி இல்லை. கிரீன் டீ குடித்தவர்களுக்கும் இல்லை. 160-க்குக் கீழே இருந்தவர்களுக்குக் காபியால் அந்த மாதிரி கூடவில்லை. இது மருந்து கொடுத்துச் சோதித்த ஆய்வு இல்லை, நடப்பதைக் கவனித்துக் கணக்குப் போட்டது. அதனால் காபிதான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 160-க்கு மேல் இருக்கிற ஒருவர், பிரஷர் கட்டுக்குள் வரும்வரை ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி. அம்பை மகளின் அம்மா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், அதனால்தான் சரியாக அளந்து பார்ப்பது முக்கியம்.

மாஞ்சோலை மழை
டீக்கு மாறலாமா? எங்களுக்கெல்லாம் ரத்தத்திலேயே தேயிலைதான் ஓடுகிறது.

வேதியியல் வாத்தியார்
மாறலாம். அளவுக்கு அளவு பார்த்தால் டீயில் காஃபீன் காபியில் பாதி அளவுதான். ஆனால் மூன்று காபிக்குப் பதில் ஆறு டீ என்றால் கணக்கு நேராகிவிடும்.

கல்லிடை அப்பளம்
நான் சொல்வது எங்கள் ஊர்ப் பெயருக்கே கேடு, இருந்தாலும் சொல்கிறேன். எல்லோரும் காபியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் அம்மாவுக்கும் இதே கதைதான். காபியை நிறுத்தினோம், ஒன்றும் இறங்கவில்லை. டாக்டர் “ஒரு நாள் சாப்பாட்டை அப்படியே சொல்லுங்கம்மா” என்றார். மத்தியானம் இரண்டு அப்பளம், அதில் உப்பும் இருக்கு, அப்பளக்காரமும் இருக்கு. அப்பளக்காரமும் சோடியம்தான். கூழ் வத்தல். தயிர் சாதத்துக்கு மாவடு, இல்லை என்றால் மோர் மிளகாய். ராத்திரி இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, மிளகாய்ப்பொடியில் உப்பு. மழை நாளில் கருவாடு வேறு. டாக்டர் சிரித்துவிட்டார். “காபியில் மட்டும்தான்மா நீங்க உப்பு போடல” என்றார்.

மெடிக்கல் தென்காசி
அருமை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். ஊறுகாய் ஜாடியும் வத்தல் டப்பாவும் இருக்கிற வீட்டில் அதைத் தாண்டுவது ரொம்ப லேசு. பிரஷர் இருக்கிறவர்கள் தினசரி உப்பில் நாலு கிராம் சொச்சம் குறைத்தபோது மேல் எண் சராசரி 5 இறங்கியதாக 2013-ல் ஒரு தொகுப்பு காட்டியது. பழகியவர்கள் காபியை நிறுத்தி இவ்வளவு இறக்குவது கஷ்டம்.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைக்கிறது, சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம். சீனக் கிராமங்களில் 20,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய சோதனையில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கிட்னியில் கோளாறு இருந்தாலோ, டெல்மிசார்ட்டான் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது. பொட்டாசியம் எக்குத்தப்பாக ஏறிவிடும்.

இன்னொன்று. அம்மாவுக்கு முட்டுவலி உண்டா? வலி மாத்திரை ஏதாவது எடுக்கிறார்களா?

அம்பை மகள்
உண்டு அண்ணா. வலி வரும்போதெல்லாம் தம்பி மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கிக் கொடுப்பான். போட்டோ அனுப்பச் சொன்னேன், டைக்ளோஃபெனாக் என்று இருக்கிறது. கிட்டத்தட்ட தினமும் போடுகிறாளாம், எனக்கே இப்போதுதான் தெரியும்.

மெடிக்கல் தென்காசி
காபி டப்பாவுக்குப் பதில் அந்த அட்டையைத்தான் பரண்மேல் வைத்திருக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இரண்டுமே உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைத்துப் பிரஷரை ஏற்றும், கிட்னிக்கும் ஆகாது. மருந்துச் சீட்டில்லாமல் இதை அட்டை அட்டையாகக் கொடுப்பது எங்கள் தொழிலில் இருக்கிற அசிங்கம். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முட்டுக்கு வேறு வழி அவர் சொல்லுவார்.

ரிட்டயர்டு சிஸ்டர், பாளை
தூக்கத்தையும் கேள் மகளே. சாயங்காலக் காபி எத்தனை மணிக்கு? உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். ராத்திரி புரண்டு புரண்டு படுத்து, அசதியில் காலையில் இன்னும் கெட்டியாகக் குடிப்பார்கள். தூக்கம் கெட்டால் பிரஷரும் கெடும். எங்கள் வார்டில் பார்த்தவரை காபியின் நிஜமான தொந்தரவு இதுதான்.

இன்னொரு வேலையும் செய்யலாம். ஒரு நாள் காபிக்கு முன் அளந்து, குடித்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி அளக்கச் சொல். 5, 10 என்று ஏறுகிறது என்றால் அம்மாவின் உடம்புக்குக் காபி கொஞ்சம் ஒத்துக்கொள்ளவில்லை. ஏறவில்லை என்றால் தம்பியிடம் நோட்டைக் காட்டலாம். ஆனால் தலைவலி போய், காபி பழையபடி ஓடுகிற நாளில் செய்ய வேண்டும். பல நாள் நிறுத்தின உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், அன்றைக்குக் கூடுதலாகக் காட்டும்.

டவுண் வாசல்
குறைக்கத்தான் வேண்டும் என்றால் நான் ஒரு வழி சொல்கிறேன், காபி விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அரைத்துத் தருகிற கடையில் சிக்கரியைக் கூட்டிப் போடச் சொல்லு. சிக்கரி ஒரு செடியின் வேர், அதில் காஃபீன் கிடையாது. நான் வாங்குவது 80-க்கு 20. அதை 60-க்கு 40 ஆக்கினால் கெட்டியும் குறையாது, நிறமும் குறையாது. கொட்டையில் ரோபஸ்டா வேண்டாம், பிளாண்டேஷன் என்கிற அராபிகா கொட்டையைக் கேள். ரோபஸ்டாவில் காஃபீன் இரண்டு பங்கு. பதினோரு மணிக் காபியை இரண்டாம் டிகாஷனில் போட்டுக் கொடு, அம்மா கண்டுபிடித்துத் திட்டுவாள், பரவாயில்லை.

வேதியியல் வாத்தியார்
அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. பாக்கெட் வாங்கினாலும் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள், காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம்.

டவுண் வாசல்
எழுதி வைத்துக்கொள்ளுங்கள் எல்லோரும்.

அம்பை மகள்
டாக்டரைப் பார்த்தாச்சு. நோட்டுச் சராசரி 146/88 வந்தது. முகாமில் சொன்ன அளவு இல்லை, ஆனாலும் பிரஷர் பிரஷர்தான் என்றார். வலி மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்தார். ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சின்ன டோஸில் எழுதியிருக்கிறார், காலில் வீக்கம் தெரிந்தால் வரச் சொன்னார். அப்பளம், ஊறுகாய்க்கு நல்ல திட்டு. காபி இரண்டு வேளை போதும், மூன்று மணிக்கு மேல் வேண்டாம் என்றார். அளந்து பார்த்ததில் காபிக்கு அப்புறம் 3, 4 புள்ளிதான் ஏறுகிறது.

தம்பிக்குத்தான் பிடிபடவில்லை. “காபி குடிக்கலாம்னா மாத்திரை எதுக்கு, மாத்திரை வேணும்னா காபி எதுக்கு” என்று அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை, பிரஷர் இறங்கியதும் மாத்திரையை விட்டுவிடலாமா என்று இப்போதே கேட்கிறாள்.

ரிட்டயர்டு சிஸ்டர், பாளை
விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல். மாத்திரை போடுவதால்தான் இறங்கியிருக்கும், விட்டால் மறுபடி ஏறும். குறைப்பதா நிறுத்துவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். டவுண் அண்ணாச்சி, நீங்கள் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?

டவுண் வாசல்
அது இருக்கட்டும் சிஸ்டர்.

ரிட்டயர்டு சிஸ்டர், பாளை
நாளைக்கே பாருங்கள். காபிக்கு முன்னால்.

வீரவநல்லூர் மைனி
இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு சந்தேகம். எனக்குப் பிரஷர் இல்லை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் மாத்திரையைக் காபியோடுதான் விழுங்குவேன். அதில் ஏதாவது தப்பு உண்டா?

மெடிக்கல் தென்காசி
உண்டு மைனி. காபியோடு போட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைத் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அதையும் காபியோடு போட வேண்டாம். முறையை மாற்றினதை டாக்டரிடம் சொல்லுங்கள், ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து டோஸ் சரியா என்று பார்ப்பார்.